நினைவாலயமும் ஆலயமும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில், தமிழக அரசு பொதுப்பணத்தில் எழுப்பி 2021ஆம் ஆண்டில் திறந்து வைத்த கட்டடம் ஒன்று உண்டு. பாரத மாதாவின் திருவுருவச் சிலை அதனுள் நிற்கின்றது. கட்டடத்திற்கு அரசு சூட்டிய பெயர் ‘பாரத மாதா நினைவாலயம்’. ‘நினைவு’ என்னும் சொல்லைக் கழற்றிவிட்டு ‘ஆலயம்’ என்றே அழைத்தல் வேண்டும் என்பது ஒரு சாராரின் கோரிக்கை. 2022 ஆகஸ்டில் பாரதீய ஜனதா கட்சியினர் அங்கு சென்றபோது சிலை இருந்த இடம் பூட்டிக் கிடந்தது. பூட்டு உடைபட்டது, சிலைக்கு மாலை விழுந்தது. அவ்வழக்கில் அக்கட்சியின் மாநிலத் துணைத் தலைவர் கே.பி. இராமலிங்கம் கைது செய்யப்பட்டார்.

நாளேடுகளில் சில நாள் அடிபட்டு ஓய்ந்த செய்தி இது. நம்மவர்களில் பெரும்பாலோர், “இது அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கு என்ன?” என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் மடித்து வைத்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோதுதான், அந்த ஒற்றைச் சொல்லின் மீது நடந்த வழக்கில் நாமும் ஒரு தரப்பினர் என்பது விளங்கிற்று.

அந்த இடத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய சிவா, வ.உ. சிதம்பரனாருடன் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் மேடையேறி, 1908இல் சிறை புகுந்தவர். சிறைவாசம் அவருக்குத் தந்த பரிசு தொழுநோய். அந்நோயைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அவரை இரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தது. காலில் புண்ணோடு ஊர் ஊராக நடந்தே சென்று பேசினார் அம்மனிதர். தம் இறுதிக் காலத்தில் பாப்பாரப்பட்டியைத் தம் ஊராகக் கொண்டு, அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பத் திட்டமிட்டார். சாதி சமய வேற்றுமையின்றி எல்லாரும் வந்து கூடும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1923ஆம் ஆண்டு அதற்கு அடிக்கல் நாட்ட வந்தவர் வங்கத்துச் சித்தரஞ்சன் தாஸ். அதே ஆண்டில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே அரசுப் பதவிகளிலும் சட்டமன்ற இடங்களிலும் நேர்மையான பங்கீடு வேண்டுமென்று வங்க ஒப்பந்தத்தை வகுத்த பெருந்தகை அவர். கோயில் எழும்பவில்லை. 1925 ஜூலை 23ஆம் நாள் அதே பாப்பாரப்பட்டியில் சிவா கண்மூடினார்.

இதில் ஒன்றை மழுப்பாமல் ஒப்புக்கொள்வதே முறை. சிவா நினைத்தது கோயிலைத்தான். காவி உடுத்த துறவி அவர். அவருக்கு நாட்டுப்பற்றும் பக்தியும் இரண்டாகத் தெரியவில்லை. தம் பொருளாலும் அன்பர்களின் உதவியாலும் அவர் அதைக் கட்டி முடித்திருந்தால், அதைக் கோயில் என்று அழைப்பதில் எவருக்கும் ஒரு சொல் சொல்ல உரிமை இருந்திராது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் இறைமறுப்பாளரும் செலுத்திய வரிப்பணத்தில் அரசே அதனைக் கட்டும்போது, அது கோயிலாக இருக்கலாமா? தனி மனிதன் ஒருவன் வணங்குவது போல அரசும் வணங்கலாமா? ‘நினைவு’ என்று மூன்றெழுத்தை முன்னால் ஒட்டியவர்கள் இக்கேள்விக்கு விடை சொல்ல முயன்றவர்களே. விடை போதுமானதா என்பது வேறு.

இதே கேள்வியை நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டு, சட்டமாக்கி, மன்றம் ஏறி வாதிட்டுக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டென்றால் அது பிரான்சு. தங்கள் கொள்கைக்கு அவர்கள் ‘லாயிசித்தே’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் சமயச் சார்பின்மை என்று சொல்வதற்கும் அதற்கும் உறவு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. எல்லாச் சமயத்தையும் அணைத்துச் செல்வது நம் அரசின் வழக்கம். எந்தச் சமயத்தின் கையையும் பிடிக்காமல் செல்வது அவர்கள் வழக்கம். 1905 டிசம்பர் 9ஆம் நாளிட்ட சட்டத்தால் அங்கே அரசும் திருச்சபையும் பிரிந்தன. அரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை. எதற்கும் ஊதியமோ மானியமோ தருவதில்லை. அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு சிலைகளையும் சின்னங்களையும் பற்றியது. பொது நினைவுச் சின்னங்களிலும் பொது இடங்களிலும் இனிமேல் சமயக் குறி எதையும் எழுப்பவோ பொறிக்கவோ கூடாது. வழிபாட்டு இடங்கள், கல்லறைகள், அருங்காட்சியகங்கள் முதலியவை இதற்கு விலக்கு.

‘இனிமேல்’ என்ற அச்சொல்லைக் கவனியுங்கள். அதற்கு முன்னிருந்த ஆயிரமாயிரம் சிலுவைகள் அப்படியே நின்றன. பழைய தேவாலயங்கள் பலவும் அரசின் உடைமையாகவோ ஊராட்சியின் உடைமையாகவோ இருந்து இன்றும் பொதுப்பணத்தில் பழுதுபார்க்கப்படுகின்றன. 2019இல் தீக்கிரையாகி 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பெற்ற பாரிசின் நோத்ர தாம் பேராலயமே அரசுச் சொத்துதான். ஆகவே கண்ணுக்குத் தெரியும் பிரான்சு கிறித்தவப் பிரான்சாகவே காட்சி தருகின்றது. புதிதாக வந்து சேர்ந்தவனுக்கு மட்டும் சட்டத்தின் ‘இனிமேல்’ பொருந்துகின்றது. இந்தக் குறையை அவர்களே முழுதாக உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

புளோயெர்மெல் என்றொரு சிற்றூர், பிரித்தானி வட்டாரத்தில். அவ்வூர் நகராட்சிக்கு ருஷ்யச் சிற்பி சுராப் செரெத்தெலி, போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுலின் சிலையை 2006இல் அன்பளிப்பாக வழங்கினார். சிலைக்கு மேல் ஒரு வளைவு. வளைவின் உச்சியில் ஒரு சிலுவை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2017 அக்டோபரில் பிரெஞ்சு நாட்டின் உச்ச நிருவாக மன்றம் தீர்ப்பளித்தது: சிலை இருக்கலாம், வளைவும் இருக்கலாம், சிலுவை போக வேண்டும். போப்பு உலக வரலாற்றில் இடம்பெற்ற மனிதர். அவரை நினைவுகூர்வது தவறில்லை. சிலுவையோ வழிபாட்டின் குறி. நினைவுக்கும் வணக்கத்துக்கும் நடுவே அந்நீதிபதிகள் கத்தி வைத்துக் கோடு கிழித்தார்கள். பாப்பாரப்பட்டியில் நம் அதிகாரிகள் ஒரு சொல்லால் கிழிக்க முயன்ற அதே கோடு! ஆயினும் அது எப்போதும் நேராக விழுவதில்லை. நகர்மன்றங்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் வைக்கும் பாலன் குடிலைப் பற்றி அதே மன்றம் 2016இல், பண்பாட்டுக் கோலமாகவோ விழாக்கோலமாகவோ இருந்தால் வைக்கலாம், சமயத்தைப் பரப்புவதாக இருந்தால் வைக்கலாகாது என்று சொல்ல நேர்ந்தது. குடில் ஒன்றுதான், பார்ப்பவன் மனத்தைப் பொறுத்து அது சட்டத்திற்கு உள்ளும் வெளியும் போகின்றது.

புளோயெர்மெல் தீர்ப்பு வெளிநாட்டில் எப்படிக் கேட்டது என்பதுதான் சுவையானது. போப்பு பிறந்த நாடான போலந்து கொதித்தது. அந்நாட்டுப் பிரதமர் பெயாத்தா ஷித்வோ, சிலையை எங்களிடம் தாருங்கள், நாங்கள் காப்பாற்றிக்கொள்கிறோம் என்றார். பிரான்சு கிறித்தவத்தைத் துடைத்தெறிகின்றது என்பது அவர்கள் முடிவு. முஸ்லிம் உலகமோ, பள்ளிக்கூடங்களில் மாணவிகளின் முக்காட்டைத் தடுத்த 2004 மார்ச் 15ஆம் நாள் சட்டத்தைக் கண்டு, பிரான்சு இஸ்லாத்தை எதிர்க்கவே பிறந்த நாடு என்று முடிவு கட்டிற்று. அவரவர் காயத்தை அவரவர் பார்த்தார்கள். அடுத்தவர் காயம் யார் கண்ணிலும் படவில்லை. போலந்துக்காரரிடம் முக்காட்டைப் பற்றிக் கேட்டால் சட்டம் சரியென்பார். நம்மவரிடம் சிலுவையைப் பற்றிக் கேட்டால் தீர்ப்பு சரியென்பார். எனக்கும் அப்படித்தான் முதலில் தோன்றியது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிரெஞ்சு அரசின் நடத்தையும் ஒரே சீரானதன்று. தாய்நாட்டில் மதகுருவுக்கு ஊதியம் தருவதை நிறுத்திய அதே அரசு, அல்ஜீரியாவில் விடுதலை கிடைத்த 1962 வரையில் இமாம்களுக்குத் தானே சம்பளம் கொடுத்துத் தன் பிடியில் வைத்திருந்தது. பள்ளிவாசலைக் கண்காணிக்க அங்கே பிரிவினைக் கொள்கை இடைஞ்சலாக இருந்தது போலும். மறுபுறம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த முஸ்லிம் வீரர்களை நினைத்து, 1920இல் தனிச்சட்டம் இயற்றி அரசுப் பணம் ஒதுக்கி, 1926இல் பாரிசின் பெரிய பள்ளிவாசலைத் திறந்து வைத்ததும் அதே நாடுதான். பாரிசு வீதியில் ஈழத் தமிழர்கள் 1990களிலிருந்து பிள்ளையார் தேர் இழுக்கிறார்கள். சூறைத் தேங்காய் உடைகிறது. காவலர்கள் போக்குவரத்தை ஒழுங்கு செய்கிறார்கள். தேர் வந்து போகின்றது, அது மக்களுடையது. கல்லில் நிலைத்து நிற்பது அரசுடையது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் லாயிசித்தேயைப் புகழ்வதும் இகழ்வதும் வீண்.

அப்படியானால் 2020 அக்டோபரில் நடந்ததை எதில் சேர்ப்பது? வகுப்பில் கேலிச்சித்திரங்களைக் காட்டிப் பாடம் நடத்திய சாமுவேல் பத்தி என்னும் ஆசிரியர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அக்கொலையைக் கண்டிக்கத் தயங்கும் நாவு முஸ்லிமின் நாவாக இருக்க முடியாது. அதற்குப் பின், மோன்பெலியே, துலூஸ் நகரங்களில் வட்டார ஆட்சியின் கட்டடச் சுவர்களிலேயே அந்த ஏட்டின் கேலிச்சித்திரங்கள் ஒளிப்படமாகப் பாய்ச்சப்பட்டன. ஓர் ஏட்டின் பக்கத்தில் அச்சான சித்திரம் ஏட்டின் கருத்து. அரசுச் சுவரில் ஒளிர்ந்த சித்திரம் அரசின் கருத்தாகிவிடாதா? ஒரு சிலுவையைச் சுமக்கக் கூடாத சுவர், ஒரு சமயத்தாரை நோகச் செய்யும் படத்தை மட்டும் சுமக்கலாமா? சட்டப்படி குற்றமில்லை என்பார்கள். நடுநிலை என்பது சட்டப்பிரிவின் எழுத்தோடு முடிந்துவிடுகின்ற ஒன்றா என்பதே நம் வினா.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். லாயிசித்தே அரசின் சுவரைப் பற்றிப் பேசும்வரை அதில் நீதி இருக்கின்றது. அது குடிமகளின் தலையைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது நீதி கழன்றுவிடுகின்றது. பள்ளிக்கூடச் சுவர் அரசுக்குரியது; அதில் எவருடைய குறியும் வேண்டாம் என்பது சரி. அதற்குள் அமர்ந்திருக்கும் சிறுமி அரசுக்குரியவள் அல்லள். நம் அண்டை மாநிலமான கருநாடகம் 2022இல் அதே வழியில் நடந்தது. அங்கும் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் ஒரு மார்ச் 15தான். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள்.

சுவரைப் பற்றிய நீதியைப் பிரெஞ்சுக்காரர்தாம் நமக்குக் கற்பிக்க வேண்டும் என்பதில்லை. ஜெருசலம் நகரம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அங்குள்ள திருக்கல்லறைத் தேவாலயத்தைக் காணச் சென்றதையும், தொழுகை வேளை வந்ததையும், உள்ளேயே தொழுதுகொள்ளலாம் என்று தலைமைப் பாதிரியார் கேட்டுக்கொண்டும் அவர்கள் மறுத்து வெளியே சென்று தொழுததையும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். “உமர் தொழுத இடம் என்று சொல்லிப் பின்வருவோர் இதனைக் கைப்பற்றிவிடக் கூடாது” என்பது அவர்கள் கூறிய காரணமாம். தனி மனிதராக அவர்கள் அங்கே தொழுதிருந்தால் குற்றமில்லை. ஆட்சியாளர் தொழுதால் அத்தொழுகை ஓர் ஆணையாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆட்சியாளனின் ஸஜ்தாவுக்கும் எளியவனின் ஸஜ்தாவுக்கும் நிலத்தின் மீது எடை வேறு.

மீண்டும் சிலைக்கு வருவோம். பிரெஞ்சுக் குடியரசுக்கும் ஒரு பெண்ணுருவம் உண்டு. மரியான் என்பது அவள் பெயர். தலையில் விடுதலையைக் குறிக்கும் தொப்பி. நகர்மன்றம்தோறும் அவளுடைய மார்பளவுச் சிலை. தபால்தலையிலும் அவள் முகம். பாரிசின் குடியரசுச் சதுக்கத்தில் 1883இல் எழுப்பிய பெருஞ்சிலையும் அவளுடையதே. கன்னி மரியாளை அரசுச் சதுக்கத்திலிருந்து விலக்கியவர்கள் இன்னொரு பெண்ணை அங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஆனாலும் அவள்முன் எவரும் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை, மண்டியிடுவதில்லை. திரைப்பட நடிகையரை மாதிரியாக வைத்தும் அவள் முகத்தை வடிக்கிறார்கள். தெய்வத்தை அப்படிச் செய்யத் துணிவார்களா? அவளை மதிப்பவன் மதிக்கிறான்; மதிக்காதவன் கடந்து போகிறான்.

பிரான்சில் அச்சட்டம் பிறந்த 1905ஆம் ஆண்டிலேதான் வங்கத்தில் அபநீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை ஓவியமாகத் தீட்டினார். காவிச்சேலை, நான்கு கைகள், கைகளில் ஏடும் நெற்கதிரும் ஆடையும் செபமாலையும். உணவு, உடை, கல்வி, சமயம் என்று மக்களின் தேவைகளைத்தான் அக்கைகள் ஏந்தின. ஆயினும் நான்கு கை என்றவுடனே நாடு தெய்வமாயிற்று, மதிப்பு வணக்கமாயிற்று. முஸ்லிமின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. பிறந்த மண்ணை நேசிப்பதில் அவன் எவருக்கும் இளைத்தவன் அல்லன். அவன் நெற்றி மட்டும் ஏற்கெனவே ஒருவனுக்கு உரியதாகிவிட்டது. 1937இல் காங்கிரசுச் செயற்குழு வந்தே மாதரத்தின் முதல் இரு பகுதிகளை மட்டும் பாடலாம் என்று முடிவு செய்தபோது, இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே செய்தது. 1986இல் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூவர், தங்கள் கிறித்தவப் பிரிவின் நம்பிக்கைப்படி நாட்டுப்பண்ணைப் பாடாமல் எழுந்து மட்டும் நின்றதற்காக வெளியேற்றப்பட்ட வழக்கில், மரியாதையுடன் எழுந்து நிற்பதே போதும் என்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எழுந்து நிற்பது வேறு, வணங்குவது வேறு என்று நம் நீதிமன்றமும் கண்டுகொண்டது.

காசியில் 1936இல் காந்தியடிகள் திறந்து வைத்த பாரத மாதா மந்திரில் சிலையே இல்லை. பளிங்கில் செதுக்கிய பாரத நாட்டின் நிலப்படம் தரையில் கிடக்கின்றது. மலையும் ஆறும் தெரிகின்றன. பெயர் மந்திர், உள்ளே இருப்பது மண்ணின் வடிவம். பாப்பாரப்பட்டியில் பெயர் நினைவாலயம், உள்ளே சிலை. எது கோயில், எது நினைவிடம் என்று யோசித்தால் தலை சுற்றுகின்றது. வாசற்பலகை எதையும் தீர்த்துவிடுவதில்லை.

பூட்டு உடைபட்டதற்கு ஒரு மாதம் முன்னர், அதே தருமபுரி மாவட்டத்தில், ஆலாபுரம் ஏரியைச் சீரமைக்கும் பணியைத் தொடங்கி வைக்க அந்நாளைய நாடாளுமன்ற உறுப்பினர் செந்தில்குமார் சென்றார். அங்கே இந்து சமய முறைப்படி பூமி பூசைக்கு ஏற்பாடாகியிருந்தது. பாதிரியார் எங்கே, இமாம் எங்கே, மதமில்லாதவர் எங்கே என்று அவர் அதிகாரியைக் கேட்டார். பாராட்டியவரும் உண்டு, பழித்தவரும் உண்டு. அக்கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. எல்லாரையும் அழை என்பது ஒன்று. எவரையும் அழைக்காதே என்பது மற்றொன்று. முதல் விடையே நம் நாட்டு வழக்கம். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கின்றது. ஏரி எல்லார் வயலுக்கும் நீர் பாய்ச்சுவது. அதன் கரையில் மூன்று குருமாரை வரிசையில் நிறுத்தினால் நான்காமவன் விடுபடுவான். கரையில் நிற்கும் உழவன் தன் மனத்துக்குள் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். 1968இல் அறிஞர் அண்ணாவின் அரசு, அலுவலகங்களிலிருந்து தெய்வப் படங்களைப் படிப்படியாக எடுத்துவிடச் சொன்னதும் இந்த எண்ணத்தில்தான். எத்தனை அலுவலகங்களில் அது நடந்தது என்பதை அலுவலகம் ஏறி இறங்குகின்ற எல்லாரும் அறிவார்கள்.

இரண்டாவது விடை பிடித்திருக்கின்றது என்று எழுதியவுடனே என் பேனா நின்றுவிட்டது. ரமலான் வந்தால் நம் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்ச அரசு அரிசி தருகின்றது. நாகூர் தர்காவின் கந்தூரிக்கு அரசு சந்தனக்கட்டை வழங்குகின்றது. இவற்றை நாம் நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். அறிவிப்பு வரச் சற்றுத் தாமதமானால் கேட்டும் வாங்குகிறோம். அரசு எவருடைய சமயத்தின் கையையும் பிடிக்கக் கூடாது என்று ஏரிக்கரையில் நின்று சொல்லுகின்றவன், கஞ்சி அரிசியை எந்த முகத்தோடு வாங்குவது? ஏழைக்கு உணவு, அது வேறு என்று வாதிடலாம். கஞ்சியை எல்லாச் சமயத்தாரும் தூக்குச் சட்டியோடு வந்து வாங்கிச் செல்கிறார்கள் என்றும் சொல்லலாம், உண்மையும் அதுவே. ஆயினும் சந்தனக்கட்டைக்கு என்ன வாதம் இருக்கின்றது? பிரெஞ்சுக்காரனின் அளவுகோலை அடுத்தவர் சிலைக்கு மட்டும் கடன் வாங்குவது நேர்மையன்று. வேண்டுமானால் முழுதாக வாங்க வேண்டும். இல்லையேல் எல்லாரையும் அணைக்கும் நம் நாட்டு வழக்கத்தில் அடுத்தவருக்கும் இடம் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி நம் ஜமாஅத்துகளில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

பூட்டைப் பற்றியும் ஒரு சொல். வழிபாடு நடந்துவிடுமோ என்று அஞ்சிச் சிலையைப் பூட்டி வைக்கின்ற அரசு, அந்த அச்சத்தாலேயே அதைக் கருவறையாக்கிவிடுகின்றது. பூட்டியிருக்கும் கதவுக்குத்தான் உடைக்க ஆள் வரும். மாலை போடுகின்றவனைத் தடுப்பது அரசின் வேலையாக எனக்குத் தெரியவில்லை. அரசின் பெயரால் ஓர் அதிகாரி அங்கே தீபாராதனை காட்டாதிருப்பதும், மாலை போடாதவனை எவரும் தேசத்துரோகி என்று சுட்டாதிருக்கப் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. இவ்விரண்டில் பின்னதே கடினமானது.

என்னுடன் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், சிவா மீது தீராத பற்றுள்ளவர். ஒரு ஜூலை மாதம், நினைவு நாளுக்குப் பாப்பாரப்பட்டி போகலாம் வாருங்கள் என்று அழைத்தார். நான் சற்றே தயங்குவதைப் பார்த்துவிட்டு, “பாய், நீங்கள் அங்கே கும்பிடவெல்லாம் வேண்டாம். அந்த மனிதர் குட்ட நோயோடு நடந்து திரிந்தார் இல்லையா, அதற்காக வந்து நில்லுங்கள்” என்றார்.

“நிற்கிறேன் சார். நீங்கள் உள்ளே போய் மாலை போடும்போது உங்கள் செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்திற்கு வந்துவிடுமாறு சொன்னார்.